கூகுள் சான்றிதழா, ஐஎஸ்சி2 சிசியா?

சேலத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே சைபர் செக்யூரிட்டி படிக்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கூகுளின் சைபர் செக்யூரிட்டி சான்றிதழா, ஐஎஸ்சி2 என்ற அமைப்பு தேர்வு வைத்துத் தரும் சிசி (Certified in Cybersecurity) சான்றிதழா என்பதில்தான் குழப்பம். 2023-இல் வந்த கூகுள் சான்றிதழுக்கு கோர்ஸெரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் மாதச் சந்தா, இழுத்தடித்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் லினக்ஸ் இயங்குதளம், தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்க்யூஎல், பைதான் நிரல்மொழி மூன்றும் கைப்பழக்கமாகும். அலுவலக நேரம் முடிந்தபின் லாகின் முயன்று தோற்றவர்கள் யார் என்று அட்டவணையிலிருந்து நீங்களே வடிகட்டி எடுப்பீர்கள், அந்தப் பயிற்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏற்காட்டில் மழைக்கு நெட் போனாலும் ஆப்பில் இறக்கிவைத்த வீடியோ ஓடும், ஆன்லைனில் செய்துபார்க்கும் லேப் பயிற்சி ஓடாது.

சிசிக்குத் தேர்வு மையத்துக்கே போய் எழுத வேண்டும். 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். அப்புறம் ஆண்டுதோறும் 50 டாலர் கட்டணம், முன்பே கணக்கில் வையுங்கள்.

கணினி புதிது என்றால் கூகுள். நெட்வொர்க் வேலையில் ஏற்கனவே இருக்கிறீர்களா, நேராக சிசி எழுதிவிடுங்கள்.