டிசானிடின் 2 மி.கி.: பிடிப்பு விடும், கூடவே எதை விழுங்குகிறோம் என்பதில்தான் சிக்கல்

கழுத்தோ இடுப்போ பிடித்துக்கொண்டு திரும்ப முடியாமல் தவிப்பவருக்கு டிசானிடின் நல்ல மாத்திரை. போட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வேலை உச்சத்துக்கு வரும். மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். வலி தூக்கத்தைக் கெடுக்கும் இரவுக்கு இது வசதி. ஆனால் வலி திரும்பியதும் அடுத்ததைப் போடக் கூடாது. ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளி, நாளுக்கு அதிகபட்சம் மூன்று வேளை. அதற்குள்ளும் டாக்டர் எழுதியதே அளவு.

நமக்குக் குறையாகத் தெரிவது மாத்திரை அட்டை. வலி மருந்தான அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325, டிசானிடின் 2 என மூன்றும் சேர்ந்த மாத்திரை கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. முன்பக்கம் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில். உள்ளே இருப்பது என்னவோ பின்பக்கப் பொடி எழுத்தில். அதைப் படிக்காமல் காய்ச்சலுக்கு இன்னொரு பாராசிட்டமால் 650, வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் என்று சேர்த்தால், ஒரே வகை மருந்து இரண்டு முறை உள்ளே போகிறது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கூட்டு மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து சிப்ரோஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சர்வசாதாரணமாகத் தரப்படும் ஆன்டிபயாடிக் இது. டிசானிடினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இது கட்டிப்போட்டுவிடும். ரத்தத்தில் டிசானிடின் சுமார் பத்து மடங்கு சேரும், 2 மி.கி. போட்டவர் 20 மி.கி. போட்டது போலாவார். பிரஷர் சரிந்து மயங்கி விழ அதுவே போதும். மனநல சிகிச்சையில் தரும் ஃப்ளூவோக்ஸமினோடு சேர்ந்தால் 33 மடங்கு வரை ஏறும். இந்த இரண்டோடும் டிசானிடின் கூடவே கூடாது. வேறு டாக்டர் எழுதியது என்றாலும் பழைய சீட்டைக் காட்டிவிடுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும்; அதையும் சொல்ல வேண்டும்.

பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போக எழும்போது சட்டென்று நிற்கக் கூடாது. கால்களைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கிறுகிறுப்பு இல்லையென்றால் சுவரைப் பிடித்தபடி எழ வேண்டும். வாய் வறட்சி தொல்லைதான், பயப்பட ஒன்றுமில்லை. வண்டி ஓட்டுவது, மது, டாக்டருக்குத் தெரியாத தூக்க மாத்திரை மூன்றும் வேண்டாம்.

நாலைந்து நாள் குறைந்த அளவில் போட்டவர்களுக்கு நிறுத்துவதில் பொதுவாகத் தொல்லை இல்லை. பக்கவாதம், தண்டுவடப் பாதிப்பால் வரும் இறுக்கத்துக்கு மாதக்கணக்கில் எடுப்பவர்கள் நிலை வேறு. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அவர்களுக்கு அவசியம். நாளுக்கு 20 மி.கி.க்கு மேல் பல வாரம் எடுத்துவிட்டுத் திடீரென விட்டால் பிரஷர் எகிறும், நெஞ்சு படபடக்கும், இறுக்கம் முன்னைவிடக் கூடும். டாக்டர் சொல்படி நாளுக்கு 2 முதல் 4 மி.கி. வீதம்தான் இறக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது இந்த அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிடக் கூடாது.