வைப்ரேஷன் பென், டெம்பரேச்சர் கன், ஒரு சீஆர் கொப்பி: நெல்லு மில்லுல பாவிச்ச அனுபவம்

சம்மாந்துறைப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கிற ஆள் நான். 2022 கரண்ட் கட்டுக் காலம் முடிஞ்ச கையோட வாங்கின ரெண்டு சாமானப் பத்தித்தான் எழுதப் போறன். ஒண்டு வைப்ரேஷன் பென், மத்தது டெம்பரேச்சர் கன். கொரோனா நேரம் கடை வாசல்ல நெத்திக்கு நேர புடிச்சாங்களே அந்தக் கன் இல்ல, அது மனுசக் காய்ச்சலுக்குச் செஞ்சது, மோட்டருக்குப் புடிச்சா ஒண்ணும் சொல்லாது, மெஷினுக்கெண்டு வேறயா இரிக்கு. ரெண்டுமே பேர் போன பிராண்ட் இல்ல, ஒன்லைன்ல வந்த சீனாச் சாமான்தான். வாங்கின கிழமையே எழுதினா எல்லாரும் சூப்பர் எண்டுதான் எழுதுவாங்க, அதான் ரெண்டு மூண்டு பெரும்போகம் ஓடி முடியட்டும் எண்டு விட்டுட்டு இப்ப எழுதிறன்.

ஏன் வாங்கினம் எண்டத முதல் சொல்லணும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தம், எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும். 200 ரூவாக்குக் கிட்ட நிண்ட டொலர் 360க்கு ஏறிச்சு, பெயாரிங், பெல்ட், கொன்டாக்டர் எதக் கேட்டாலும் கடைக்காரன் முதல்ல சிரிப்பான், மறுகா விலையச் சொல்லுவான், அதுவும் ஸ்டொக் இரிந்தாத்தான். அதுக்கு முதல் எங்கட மெயின்டனன்ஸ் எண்டா உடைஞ்சா மாத்திறது, அவ்வளவுதான். சாமான் கல்முனையில கைக்கெட்டின தூரத்துல கிடைக்கிற வரைக்கும் அந்த முறை ஓடும். கிடைக்காமப் போனா உடையிறதுக்கு ஒரு மாசம் முந்தியே தெரிஞ்சாகணும். மில்லு வேற ஒரே வரிசை, எலிவேட்டர், கிளீனர், ரப்பர் ரோல், செபரேட்டர், பொலிசர், சோட்டர் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, நடுவில ஒண்டு நிண்டா முழு லைனும் நிக்கும். பெப்ரவரி மார்ச்சுல கல்லோயா நீர்ப்பாசனக் காணி நெல்லெல்லாம் ஒரே அடியா வெட்டி வரும், அந்த நேரம் ஊறப் போட்ட நெல்லு உங்கட பெயாரிங் கொழும்புல இரிந்து வரும் வரைக்கும் பாத்துக்கிட்டு இரிக்காது, ரெண்டாம் நாளே மணம் கிளம்பிரும்.

பென் எப்பிடி வேலை செய்யுது எண்டா, அதின்ட மூக்க பெயாரிங் வீட்டில (பெயாரிங் உக்காந்திருக்கிற இரும்புக் கூடு) அழுத்திப் புடிக்கணும், செக்கனுக்கு எத்தின மில்லிமீட்டர் வேகத்துல ஆடுது எண்டு ஒரு நம்பர் வரும். லேசா புடிச்சா ஒரு நம்பர், அழுத்திப் புடிச்சா வேற நம்பர், ரெண்டு அங்குலம் தள்ளிப் புடிச்சா இன்னொரு நம்பர். இதுலதான் கனபேர் வெறுத்துப் போய் மேசை லாச்சிக்குள்ள போட்டுடுவாங்க. நாங்க ஒவ்வொரு பெயாரிங்லயும் மஞ்சள் பெயின்ட்டால புள்ளி வெச்சம், பக்கவாட்டுல ஒண்டு, மேல ஒண்டு, சாப்ட்டு நீளத்துக்கு நேர ஒண்டு. லோட் ஓடிக்கிட்டு இரிக்கக்குள்ள மட்டும்தான் எடுக்கிற, வெறும் ஓட்டத்துல எடுத்தத லோட்ல எடுத்ததோட ஒப்பிட்டா எல்லாம் பிழையாப் போயிரும்.

எது நல்ல நம்பர் எது கெட்ட நம்பர் எண்டு கேட்டா ஐஎஸ்ஓ 10816 எண்டு ஒரு சர்வதேச அளவு இரிக்கு, இப்ப அத 20816 எண்டு புதுப்பிச்சிருக்காங்க. 15 கிலோவோட்டுக்குள்ள உள்ள சின்ன மோட்டருக்கு 1.8 வரைக்கும் பயமில்ல, 4.5 தாண்டினா நிப்பாட்டிப் பாக்கணும். 15ல இரிந்து 75 கிலோவோட் வரைக்கும் அது 2.8, 7.1. அத ஒரு அட்டையில எழுதி பேனல் பெட்டிக் கதவில ஒட்டி வெச்சிருக்கன். ஆனா உண்மையச் சொன்னா அந்த எல்லைக் கணக்க விட எங்களுக்கு உதவினது போன கிழமை எவ்வளவு, இந்தக் கிழமை எவ்வளவு எண்ட கணக்குத்தான். செபரேட்டர் ஆடத்தான் செஞ்சது, அதுக்குப் பக்கத்துல நிக்கிற மெஷினும் சேந்து ஆடும், அதுகளுக்கு ஐஎஸ்ஓ எல்லையப் பாத்தா மில்ல மூடிப் போட்டு வீட்ட போகணும்.

பென்னால காசு மிஞ்சின ஒரு கதை சொல்லிறன். உமி உறிஞ்சிற புளோவர், 11 கிலோவோட் மோட்டர், பக்கவாட்டு நம்பர் 2.3 எண்டு சும்மா நிண்டது. மறுகா 3.1, மறுகா 3.8, பிறகு ஒரு நாள் 4.9. காதால கேட்டா ஒரு வித்தியாசமும் இல்ல, காக்காவும் ஒண்டுமில்ல எண்டார் (எங்கட ஹெட் ஒப்பரேட்டர், முப்பது வருசமா மில்லுச் சத்தத்துலயே வாழுற மனிசன்). முதல்ல அத்திவாரப் போல்ட்ட இறுக்கிப் பாத்தம், ஏனெண்டா அரைவாசி நேரம் பிரச்சினை அங்கதான் இரிக்கும், அசையல்ல. ஞாயித்துக்கிழமை மூடியக் கழட்டினா ஃபேன் தகடு ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரித் தேஞ்சு போய், ஒரு தகட்டுன்ட நுனி விரலால தட்டினா வளையிற அளவுக்கு மெல்லிசு, இன்னொண்டுல ஓட்டையே விழுந்திருக்கு. உமி எண்டா லேசா நினைக்காதீங்க, உமிச் சாம்பல்ல 90 வீதத்துக்குக் கிட்ட சிலிக்கா, உப்புத்தாள் மாதிரி இரும்பத் தின்னும். தகட்ட வெல்ட் பண்ணி, ஃபேன சாப்ட்டோட ரெண்டு ஓரக்கம்பிக்கு மேல வெச்சு உருட்டி விட்டு, பாரமான பக்கம் கீழ வந்து நிக்க எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்தி சமன் பண்ணினம். திரும்பப் பூட்டினா 1.6. அந்தத் தகடு சீசனுக்குள்ள பிஞ்சு பறந்திருந்தா மூடி, சாப்ட், பெயாரிங் எல்லாம் சேந்து போயிருக்கும், ஆள் பக்கத்துல நிண்டிருந்தா அது வேற கதை.

இனிக் குறை. விளம்பரத்துல சொல்லாத பெரிய குறை ஒண்டு இரிக்கு. இந்தச் சாதிப் பென் வேகம் அளக்கிறது 10 ஹேர்ட்ஸுக்கு மேலதான், அதாவது 600 ஆர்பிஎம்முக்குக் கீழ சுத்திற சாப்ட்டின்ட ஆட்டம் அதுக்கு விளங்காது. எலிவேட்டர் சாப்ட் 100க்கு அங்கால இஞ்சாலதான் சுத்தும். பெயாரிங் கரகரண்டு அரைபட்டுக்கிட்டு இரிக்கும், பென் 0.4 எண்டு அழகாக் காட்டும். அதுக்கு காக்காட முறைதான், நீட்டு ஸ்குரூ டிரைவர் நுனிய பெயாரிங் வீட்டில வெச்சு, புடிய காதுக்குப் பின்னால எலும்புல வெச்சுக் கேக்கிறது. "உன்ட பேனைக்குக் கேக்காதது என்ட காதுக்குக் கேக்கும் தம்பி" எண்டு இண்டைக்கும் சொல்லிக் காட்டுவார், நானும் ஓம் காக்கா எண்டு வாய மூடிக்கிட்டு இரிப்பன். இன்னொண்டு, பெயாரிங் பழுது தொடங்கின ஆரம்பத்துல வேக நம்பர் அசையவே அசையாது, அது ஏறக்குள்ள பெயாரிங் பாதி முடிஞ்சிரும். அக்சலரேஷன் (வேகம் எவ்வளவு சடார் எண்டு மாறுது எண்ட அளவு) எண்டு வேற ஒரு பட்டன் உள்ள பென்னா வாங்குங்க, வேகமா சுத்திற மெஷின்ல அது முந்திக் காட்டும்.

டெம்பரேச்சர் கன்னப் பத்தி கனக்க இல்ல, ஆனா ஒரு விசயம் தெரியாமப் பாவிச்சா அது ஆள ஏமாத்தும். மினுமினுக்கிற இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாம் உண்மையான சூட்ட விடக் குறைச்சுத்தான் காட்டும். 80ல கொதிக்கிற பளபளப்பான பைப்ப 45 எண்டு காட்டினா நம்பிக் கை வெக்கப் போறீங்க. அளக்கிற இடத்துல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அது சூடேறினாப் பிறகு டேப்புக்கு மேல புடிக்கணும். அடுத்தது அந்தச் சிவப்பு லேசர்ப் புள்ளி. அந்தப் புள்ளியத்தான் அளக்குது எண்டு எல்லாரும் நினைக்கிறது, இல்ல, அதச் சுத்தி ஒரு வட்டம் முழுக்க அளந்து சராசரி சொல்லுது. 12க்கு 1 எண்டு போட்டிருந்தா 12 அடி தூரத்துல ஒரு அடி வட்டம். தூர நிண்டு பெயாரிங்கப் புடிச்சா பின்னால உள்ள சுவரும் சேந்து வரும்.

மோட்டரையும் பெயாரிங்கயும் விட இது கூட வேலை செஞ்சது பேனல் பெட்டிக்குள்ளதான். மூண்டு பேஸும் ஒரே மோட்டருக்குப் போகுது, அப்ப மூண்டு லக்கும் (வயர் நுனியில பூட்டி இறுக்கிற உலோகத் துண்டு) ஏறத்தாழ ஒரே சூட்டுல இரிக்கணும். ஒரு தடவ 48, 51, 83 எண்டு வந்திச்சு. ஓடக்குள்ள பேனல் திறக்கிறது எலக்ட்ரீசியன்ட வேலை, நீங்க விளையாடாதீங்க, எங்கட எலக்ட்ரீசியன் மெயின அறுத்துப் போட்டுப் பாத்தா லக் கிரிம்ப் பண்ணின இடம் தளந்து கறுத்துப் போய்க் கிடக்கு. அப்பிடியே விட்டிருந்தா ஒரு பேஸ் போய் மோட்டர் வைண்டிங் எரிஞ்சிருக்கும். மூண்டு பேஸ் வோல்டேஜும் சமனில்லாட்டியும் இதே கூத்துத்தான், 3.5 வீதம் வித்தியாசம் வந்தாலே வைண்டிங் 25 வீதம் அளவுக்குக் கூடச் சூடேறும், வழமைய விட 10 பாகை கூடச் சூட்டுல ஓடுற வைண்டிங்குட ஆயுசு பாதி எண்டு ரீவைண்டிங் பாஸ்மாரே சொல்லுவாங்க. மோட்டர் வால்ல உள்ள ஃபேன் மூடியில தவிட்டுத் தூசி அப்பிக் கிடந்தாலும் அந்த 10 பாகை சும்மா ஏறும், வெளக்குமாத்தால தட்டி விடுற வேலைதான்.

இப்ப கிறீஸ். இது வாங்கின சாமான் இல்லாட்டியும் சொல்லாம விட ஏலாது, இந்த ரெண்டு கருவியாலயும் கடைசியில மாறினது எங்கட கிறீஸ் அடிக்கிற பழக்கந்தான். முந்தி மில்லுல சட்டம் என்னெண்டா வெளிய பிதுங்கி வரும் வரைக்கும் அடிக்கணும். அப்பிடி அடிச்ச அண்டைக்கு கன்னப் புடிச்சுப் பாத்தா பெயாரிங் 20 பாகை கூடக் காட்டும், கூடின கிறீஸ உருட்டிப் பிசையிற சூடு அது. கணக்கு ஒண்டு இரிக்கு: பெயாரிங்குட வெளி விட்டத்த அகலத்தால (ரெண்டும் மில்லிமீட்டர்ல) பெருக்கி 0.005ஆல பெருக்கினா கிராம் வரும். 6309 எண்ட நம்பர்ப் பெயாரிங் எண்டா 100 பெருக்கல் 25 பெருக்கல் 0.005, 12.5 கிராம். சரி, கிறீஸ் கன் ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளுது எண்டு யாருக்குத் தெரியும்? பத்து அடிய ஷொப்பிங் பேக்குக்குள்ள அடிச்சு பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசுல நிறுத்தா 11 கிராம். அப்ப அந்தப் பெயாரிங்குக்கு பதினொரு அடி, அதோட கைய எடுக்கணும். கடைக்காரர் இன்னும் என்னப் பாத்தா கிறீஸ் என்ன விலை எண்டுதான் கேப்பார். ரெண்டு பக்கமும் மூடி வந்த பெயாரிங்குக்கு கிறீஸே தேவையில்ல. நிறத்தப் பாத்து ஒரே சாதி எண்டு கலக்கவும் வேணாம், நிறம் கம்பனிக்காரன் போடுற சாயம், லித்தியம் கிறீஸும் பொலியூரியா கிறீஸும் சேந்தா கனக்க நேரம் தண்ணியாகி ஒழுகிரும்.

முதலாளிக்கு வேற ஒரு நம்பிக்கை, சீசனுக்கு முதல் எல்லாப் பெயாரிங்கயும் புதுசாப் போட்டா நிம்மதி எண்டு. கேக்க நியாயமாத்தான் இரிக்கும். 1978ல யுனைடெட் எயர்லைன்ஸ்ல இரிந்த நோலன், ஹீப் எண்ட ரெண்டு பேர் விமானப் பாகங்கள் எப்பிடிப் பழுதாகுது எண்டு ஒரு அறிக்கை எழுதினாங்க, அதுல வயசு போகப் போகப் பழுது கூடிற பாகம் 11 வீதந்தான், 68 வீதம் புதுசாப் பூட்டின நேரத்துல கூடப் பழுதாகி மறுகா ஒரே அளவுல நிக்கிற சாதி. விமானம் வேற நெல்லு மில்லு வேற, உமி தின்னிற ஃபேனும் ரப்பர் ரோலும் உறுதியா வயசால தேயும், அதுகள நாள் பாத்து மாத்தத்தான் வேணும். ஆனா நல்லா ஓடுற பெயாரிங்கக் கழட்டி, சுத்தியலால அடிச்சு இறக்கி, போலிச் சாமான் நிறைஞ்ச சந்தையில வாங்கின புதுசப் போட்டா அது நிம்மதி இல்ல கா, புதுத் தலையிடி. இப்ப நம்பர் ஏறினதுக்கு மட்டும் மாத்திறம், மிச்சக் காசுக்கு முக்கியமான சைஸ் ரெண்டு ரெண்டு ஸ்டோர்ல கிடக்கு.

அளந்த நம்பரெல்லாம் எழுதி வெக்கிற சீஆர் கொப்பி (தடிச்ச மட்டை போட்ட கொப்பி) விசயத்துலதான் பெரிய பாடுபட்டம். தொடக்கத்துல எல்லா மெஷினும் எல்லாப் புள்ளியும் எண்டு போட்டு, நைட் ஷிப்ட் பொடியனுகள் சலிச்சுப் போனாங்க. ஒரு நாள் கொப்பியில ராத்திரி 2 மணிக்கு புளோவர் 2.1, பொலிசர் 1.9 எண்டு அழகா எழுதியிரிக்கு, அந்த நேரம் ஊர் முழுக்கக் கரண்ட் இல்ல, மில்லே ஓடல்ல! ஏசி என்ன செய்யிற, சிரிப்புத்தான் வந்திச்சு. மறுகா நிண்டா லைன் முழுக்க நிக்கிற மெஷினுக்கு மட்டும் புள்ளிய வெச்சு மிச்சத்த அழிச்சிட்டம், அளவ கிழமைக்கு ஒருக்கா பகல்ல ஒரே ஆள்தான் எடுக்கிற. பொடியனுகளுக்கு மெஷினத் துடைக்கிறதும் போல்ட் தளந்திருக்கா எண்டு பாக்கிறதும் மட்டும். ஜப்பான்காரன் ஒப்பரேட்டரே தன்ட மெஷினத் துடைச்சுப் பாக்கணும் எண்டு ஒரு முறை வெச்சிருக்கான், 1971ல நிப்பொன்டென்சோ கம்பனி அதுக்கு விருதே வாங்கினது. தவிட்டுத் தூசிக்குக் கீழ உள்ள வெடிப்பு துடைச்சாத்தானே தெரியும்.

சாமான் ரெண்டும் எப்பிடித் தாங்கிச்சு? பென்னுட பெட்டரி மூடி வெடிச்சு இப்ப ரப்பர் பேண்ட்தான் காவல், நம்பர் சரியாக் காட்டுதா எண்டு பாக்க ஒரு நல்ல தண்ணி மோட்டர வெச்சிருக்கம், சந்தேகம் வந்தா அதுல புடிச்சுப் பாக்கிற. கன்னுட கண்ணாடியில தூசி படிஞ்சா குறைச்சுக் காட்டும், காது துடைக்கிற பஞ்சால துடைச்சா சரி. புதுசா வாங்கிற ஆக்கள் எமிசிவிட்டி (மினுக்கமா மங்கலா எண்டு மேற்பரப்புக்கு ஏத்த மாதிரி கன்னுல வெக்கிற நம்பர்) மாத்தக் கூடிய கன்னாப் பாத்து வாங்குங்க, விலை கொஞ்சந்தான் கூட. பொயிலர்ப் பக்கம் மட்டும் இது ரெண்டயும் நம்பிப் போகாதீங்க, எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணிக்கு டியூபுக்குள்ள படியிற சுண்ணாம்பு வெளிய நிண்டு எந்தக் கன்னாலயும் தெரியாது, அதுக்குத் தண்ணி டெஸ்ட்டும் வருசாந்த பரிசோதனையும்தான். கொப்பி முடிஞ்சு புதுக் கொப்பி தொடங்கக்குள்ள ஒவ்வொரு மெஷினும் நல்லா இரிந்த நேரத்து நம்பர முதல் பக்கத்துல எழுதிப் போட்டுத் தொடங்குங்க, பழைய கொப்பிய உமி மூட்டைக்கடியில தேடிற வேலை மிச்சம்.