கிரெடிட் கார்டு கடனை அடைக்க உதவும் எக்செல் கணக்குத்தாள்: ஒரு மதிப்புரை

ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று கிரெடிட் கார்டுகளில் நிலுவை சேர்ந்துவிட்டால், மாதாமாதம் கையில் மிஞ்சும் பணத்தை எந்தக் கார்டுக்கு எவ்வளவு கட்டுவது என்பதைப் பெரும்பாலோர் கணக்குப் பார்க்காமலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். பிரிட்டனில் கார்டு வைத்திருப்பவர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2019இல் 'அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூ' இதழில் வெளிவந்த கட்டுரை, மக்கள் வட்டி விகிதத்தைவிட நிலுவையின் அளவைப் பார்த்தே பணத்தைப் பிரித்துக் கட்டுகிறார்கள் என்று காட்டியது. இந்தப் பழக்கத்தை மாற்ற, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கடன் அடைப்புக் கணக்குத்தாள் உண்மையாகவே உதவுகிறது.

ஒவ்வொரு கார்டுக்கும் நிலுவை, வட்டி விகிதம், குறைந்தபட்சத் தொகை ஆகியவற்றை நிரப்பி, மாதம் மொத்தம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் சேர்த்தால், எந்த மாதத்தில் எந்தக் கார்டு தீரும் என்ற அட்டவணை வந்துவிடுகிறது. சிறிய நிலுவையை முதலில் அடைப்பதா, அதிக வட்டியை முதலில் அடைப்பதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்பதே இதன் பெரிய பலம்.

ஓர் உதாரணம்: மாத வட்டி 2% உள்ள கார்டில் 20,000, 3.5% உள்ள கார்டில் 60,000 நிலுவை. குறைந்தபட்சத் தொகை முறையே 1,000, 3,000. மாதம் மொத்தம் 8,000 கட்ட முடியும். அதிக வட்டியை முதலில் அடைத்தால் மொத்த வட்டி சுமார் 16,480. சிறிய நிலுவையை முதலில் அடைத்தால் சுமார் 19,050. இரண்டு வழியிலும் கடன் முழுதாகத் தீருவது 13ஆவது மாதத்தில்தான். ஆனால் முதல் வழியில் ஒரு கார்டு தீர 11ஆவது மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். இரண்டாவதில் 5ஆவது மாதத்திலேயே ஒன்று முடிந்துவிடுகிறது. 2,570 அளவிலான கூடுதல் வட்டி அந்த நிம்மதிக்கான விலை என்று தெரிந்தபின், கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஒன்றிரண்டு மாதங்களில் தீர்ந்துவிடும் சில்லறை நிலுவை இருந்தால் அதை முடித்துவிட்டு, மற்றபடி வட்டி அதிகமான கார்டையே குறிவைப்பது நல்லது என்பது என் கருத்து.

குறைகள் உண்டு. கார்டை இனித் தேய்க்கவே மாட்டோம் என்று இந்தத் தாள் எடுத்துக்கொள்கிறது. வீட்டில் ஒருவர் மளிகைக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அட்டவணை பொய்யாகிவிடும். பழைய நிலுவையை முழுதாகக் கட்டாத கார்டுகளில் பெரும்பாலும் வட்டியில்லாக் காலமும் கிடைப்பதில்லை என்பதால், புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும் என்பதை இது எங்கும் எச்சரிப்பதில்லை. நிலுவை குறையக் குறைய பில்லில் வரும் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். அதை மட்டும் கட்டுகிறவருக்குக் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தாளோ அந்தத் தொகையை மாறாததாகவே வைத்துக்கொள்கிறது. இதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை, ஏனென்றால் கட்டும் தொகையைக் குறைக்காமல் இருப்பதுதான் சரியான முறை.

சலுகை வட்டியில் வேறு கார்டுக்கு மாற்றிய நிலுவையைச் சேர்க்கும்போது கூடுதல் கவனம் தேவை. மாற்றுக் கட்டணத்தை அசலோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சலுகை முடியும் மாதத்தில் வட்டி விகிதத்தை நாமே திருத்தவும் வேண்டும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு எடுத்த ரொக்கத்துக்கு வட்டி வேறாக இருந்தால், அதே கார்டாக இருந்தாலும் அதைத் தனி வரிசையாக எழுதினால்தான் அடைக்கும் வரிசை சரியாக வரும்.