மைனஸ் பெருக்கலுக்கு இருநிற வில்லைகள்: 40 போதாது

பெங்களூரு அவென்யூ ரோடு ஸ்டேஷனரி கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற இருநிற பிளாஸ்டிக் வில்லை டப்பாவைப் பற்றியது இது. மஞ்சள் பக்கம் +1, சிவப்புப் பக்கம் −1. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கலாமா? தாராளமாக. ஆனால் 40 வில்லை டப்பா வேண்டாம், 100 உள்ளதாகப் பாருங்கள்.

3 × (−4) என்றால் நந்நான்கு சிவப்பாக மூன்று குவியல். 12 வில்லையில் முடிந்துவிடும். (−3) × (−4) அப்படியல்ல. முன்னால் மைனஸ் இருப்பதால் வைக்கக் கூடாது, எடுக்க வேண்டும்: நான்கு சிவப்பை மூன்று தடவை. வெறும் மேசையிலிருந்து எதை எடுப்பது? அதற்காகத்தான் முதலில் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என்று 12 ஜோடி அடுக்குகிறோம். ஒவ்வொரு ஜோடியும் பூஜ்யம், மொத்தமும் பூஜ்யம். இப்போது 12 சிவப்பையும் எடுத்தால் 12 மஞ்சள் மிஞ்சும். 'மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்' என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு அது ஏன் என்று கண்ணில் படுவது இங்கேதான். கி.பி. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதே விதியைச் செல்வம், கடன் என்ற சொற்களில் எழுதினார். எடுக்கிற சிவப்பைத் தள்ளுபடியாகிற கடன் என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த ஒரு கணக்குக்கே 24 வில்லை போய்விட்டது. 40 இருந்தால் (−4) × (−5) வரைதான் ஓடும். (−6) × (−4) போட 48 வேண்டும். 100 இருந்தால் (−7) × (−7) வரை போகலாம்; அதற்கு 98. அதற்கு மேல் வில்லை தேவையும் இல்லை, அதற்குள் விதி புரிந்திருக்கும்.

வகுத்தலில்தான் கூட வரும் கையேடு சறுக்குகிறது. −12 ÷ 3: 12 சிவப்பை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு −4. −12 ÷ (−3): மும்மூன்று சிவப்பாகப் பிரித்தால் 4 குவியல். இரண்டையும் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். 12 ÷ (−3) மட்டும் காணோம். காரணம் தெரிந்ததுதான்: மைனஸ் மூன்று பேருக்குப் பங்கு வைக்க முடியாது, மஞ்சள் குவியலிலிருந்து சிவப்பைப் பிரிக்கவும் முடியாது. வழி இருக்கிறது. '−3-ஐ எதனால் பெருக்கினால் 12?' என்று கேள்வியைத் திருப்புங்கள். 12 பூஜ்ய ஜோடி வைத்து மும்மூன்று சிவப்பாக எடுத்தால் நான்கு தடவையில் 12 மஞ்சள் மிஞ்சும். எடுத்தது நான்கு தடவை என்பதால் விடை −4.

கையேட்டில் ஒரு குறுக்குவழியும் உண்டு: 3 × 4 = 12 மஞ்சள் வைத்து, ஒவ்வொரு மைனஸ் குறிக்கும் ஒரு முறை எல்லாவற்றையும் புரட்டச் சொல்கிறார்கள். விடை சரியாகவே வரும். (−2) × (−1) × (−3) போன்ற நீளக் கணக்கில், மைனஸ் குறி மூன்று இடத்தில் இருப்பதால் விடை −6 என்று சரிபார்க்கவும் உதவும். முதல் நாளே இதைக் காட்டினால் மட்டும் பழைய மனப்பாடமே வேறு உருவத்தில் திரும்பிவரும்.

வில்லை கைவசம் இருக்கும்போதே −3 − 4 என்பதையும் போட்டுக் காட்டிவிடுங்கள். பெருக்கல் விதி வந்த வாரத்திலேயே அதற்கு +7 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. மூன்று சிவப்போடு நான்கு சிவப்பு சேர்ந்தால் ஏழும் சிவப்புதான்.

தரத்தில் இரண்டு குறை. வழவழப்பான மேசையில் கை இடித்தால் வில்லை புரண்டு, விடையும் மாறிவிடும். அடியில் துண்டு விரித்தால் போதும். +, − குறிகள் அச்சிடப்படவில்லை, மார்க்கரால் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

காசு செலவழிக்க மனமில்லையா? தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை பிளஸ், பழுப்பு மைனஸ். 100 தேய்ப்பதற்குள் விரல் வலிக்கும் என்பதால் 40 வில்லை டப்பாவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மீதி 60-ஐ மட்டும் இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம்.