14 வருஷ காஞ்சிப் பட்டும் ஒரு ரப்பர் பேண்டும்

போன வாரம்தான் என் கல்யாணப் புடவை டார்னிங் (கிழிசல்ல இழை ஓட்டித் தைக்கறது) முடிஞ்சு வீட்டுக்கு வந்துச்சு. அதே நாள் சாயங்காலம் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தி போன் பண்ணி, தங்கச்சி கல்யாணத்துக்கு காஞ்சிபுரம் போறோம்டி, முந்தானை ஃபுல்லா ஜரிகை வர்ற மாதிரி எடுக்கலாம்னு இருக்கோம், உன்கிட்ட இருக்கே அது எப்படி உழைக்குதுன்னு கேட்டா. அவகிட்ட கோவத்துல ஏதேதோ சொல்லிட்டு வெச்சுட்டேன், அதான் இப்ப நிதானமா எழுதறேன்.

2011-ல எடுத்தது. அரக்கு உடம்பு, கிளிப்பச்சை பார்டர், கோர்வை (உடம்பையும் பார்டரையும் தனித்தனி நூல்ல நெய்து கோக்கறது), அசல் ஜரிகை. இதுவரைக்கும் ஒரு இருபது தடவை கட்டியிருப்பேன்.

கோர்வையைப் பத்தி சொல்லாம குறை மட்டும் சொன்னா அது நியாயமே இல்ல. உடம்புக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைத் தறியில ஓட்டற கட்டை), ரெண்டு பக்க பார்டருக்கு ரெண்டுன்னு மூணு நாடா ஓடணும், அதுக்கு நெய்யறவர் தவிர தறியில பக்கத்துலயே இன்னொரு ஆள் வேணும், ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு இழைக்கும், அரக்கு நூலும் பச்சை நூலும் ஒண்ணை ஒண்ணு கோத்துக்கிட்டே போகணும். என் பையன் ரெண்டு வயசுல இந்த பார்டரைப் பிடிச்சுத் தொங்கியிருக்கான், கொசுவத்துல எத்தனையோ பின் குத்தியிருக்கேன், கோவில் கூட்டத்துல மிதி பட்டிருக்கு, அந்த சேர்ற இடத்துல இன்னைக்கு வரைக்கும் ஒரு இழை நகரல. பேட்னியும் அப்படித்தான், உடம்பு முடிஞ்சு முந்தானை கலர் தொடங்கற இடத்துல நீளவாக்குல ஓடற பாவு நூலையே மாத்திப் பிணைச்சிருக்காங்க, திருப்பிப் போட்டு விரலால தடவினா லேசா ஒரு மேடு தெரியும், அவ்வளவுதான். நெசவைப் பொறுத்தவரைக்கும் நான் கை எடுத்துக் கும்பிடறேன்.

பிரச்சனை எல்லாம் ஜரிகையில, அதைவிட அதை நாம வெச்சுக்கற விதத்துல. 2019 கடைசியில ஒரு கல்யாணத்துக்குக் கட்டி வியர்த்துப் போச்சுன்னு ட்ரைவாஷ் குடுத்தேன். உள்ள அட்டை வெச்சு, படிய படிய அயர்ன் பண்ணி, மடிப்பு மேல ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, பிளாஸ்டிக் கவர்ல தள்ளிக் குடுத்தாங்க, பார்க்க அவ்வளவு நீட்டா இருந்துச்சு, நானும் அப்படியே பீரோவுல வெச்சேன். அப்புறம் லாக்டவுன், விசேஷம் எதுவும் இல்ல, ரெண்டு வருஷத்துக்கு மேல திறக்கவே இல்ல. திறந்தப்போ ரப்பர் பேண்ட் இளகிப் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, எடுத்துப் பார்த்தா முந்தானை ஜரிகைக்குக் குறுக்க தீக்குச்சி அகலத்துக்கு ஒரு கருப்புக் கோடு.

ரப்பருக்குள்ள கந்தகம் சேர்த்திருப்பாங்க, வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது, கருத்துடும். அசல் ஜரிகைனா சிவப்புப் பட்டு நூல் மேல தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுத்தி அதுக்கு மேல மெல்லிசா தங்க முலாம், அவ்வளவு மெல்லிசு முலாம் வெள்ளியை எவ்வளவு நாள் காப்பாத்தும்? பாலியஸ்டர் ஜரிகைக்கு இந்தக் கவலையே இல்ல, காசு போட்டு அசல் வாங்கினவளுக்குத்தான் இந்த வேதனை, இதை நெனச்சாதான் இன்னும் வயிறு எரியுது.

அதோட முடியல. அந்த அட்டை மடிப்பு இருந்த இடத்துல, போன மாசம் கட்டலாம்னு பிரிச்சப்போ, சர்ருன்னு ஒரு சத்தம். வெளிச்சத்துல பார்த்தா வெள்ளிக் கம்பி பொடிப் பொடியா முறிஞ்சு முடி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, தடவினா நகத்துல மாட்டுது, உள்ள இருந்து சிவப்பு நூல் எட்டிப் பார்க்குது, ஒரு விரக்கடை நீளத்துக்கு பட்டே இத்துப் போயிருந்துச்சு. டார்னிங் பண்ற அண்ணா ஒரு தடவை பார்த்துட்டு "இது கட்டிக் கிழிஞ்சது இல்லம்மா, மடிச்சுக் கிழிஞ்சது"ன்னாரு. கம்பி ஒரே இடத்துல வருஷக்கணக்கா மடங்கி இருந்தா முறியும், முறிஞ்ச முனை பக்கத்துல இருக்கற பட்டை அறுக்கும், இதுல சூடா அயர்ன் வேற. பின்னாடி மெல்லிசா நெட் வெச்சு இழை ஓட்டிக் குடுத்திருக்காரு, வேலை சுத்தம், ஆனா எனக்குத் தெரியுது.

கருப்புக் கோட்டை அப்படியே விட்டுட்டேன். புளி போட்டுத் தேய், பேஸ்ட் போட்டுத் தேய்னு ஆளாளுக்குச் சொன்னாங்க, தேய்ச்சா கருப்போட முலாமும் சேர்ந்து போயிடும், தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க.

இப்ப நான் செய்யறது இதுதான். கட்டி அவுத்ததும் ஒரு ராத்திரி ஃபேன் காத்துல ஆற விட்டு, ஜரிகை உள் பக்கம் வர்ற மாதிரி மடிச்சு, துவைச்சுப் பழசான வெள்ளை வேட்டித் துணியில சுத்தி வைக்கிறேன், மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை இடம் மாத்தறேன். பாச்சை உருண்டை கிடையாது, காஞ்ச வேப்பிலையும் வசம்பும் தனியா ஒரு துணி முடிச்சுல. சென்ட் அடிக்கறதா இருந்தா புடவை கட்டறதுக்கு முன்னாடியே அடிச்சுக்கணும். சாதா துணி சோப்பு பட்டுக்கு வேண்டவே வேண்டாம், அதுவும் நம்ம முடி மாதிரி புரதம்தான், சோப்புல இருக்கற காரம் தாங்காது.

ஃப்ரெண்ட் சில்க் மார்க் லேபிள் இருந்தா போதும்லன்னு கேட்டா. அது பட்டு சுத்தமான்னு மட்டும்தான் சொல்லும், ஜரிகையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. ஜரிகைக்கு பில்லுல என்ன எழுதறாங்கன்னு தனியா கேட்டு வாங்கணும், டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லணும்.

முடிவா எடுக்கலாமா வேண்டாமான்னா, முந்தானை ஃபுல் ஜரிகை வேண்டாம்டி. கோர்வை நல்லதா பார்த்து, ஜரிகை கம்மியா, பட்டு கனமா எடுங்க. போன வருஷம் கேட்டிருந்தா கண்ணை மூடிட்டு எடுன்னு சொல்லியிருப்பேன், இப்ப அந்த மடிப்பைப் பார்த்துட்டு என்னால சொல்ல முடியல.

தை மாசம் அவ தங்கச்சி கல்யாணத்துக்கு நான் இதைத்தான் கட்டிட்டுப் போறேன், தச்ச இடம் முதுகுப் பக்கம்தான் விழும், பரவாயில்ல.