காட்பாடியில் ஓர் ஒளிப்பதிவாளரிடம் மூன்று ஆண்டுகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினோரு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடுத்துப் பிழைத்துவரும் நான், சென்னையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திரைப்படங்களிலும் விளம்பரப் படங்களிலும் உழைத்துவிட்டுக் காட்பாடிப் பக்கம் சொந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட மூத்த ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மாணவனாகச் சேர்ந்தேன். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் வெறும் 'சார்'. பாடத்திட்டமோ சான்றிதழோ கிடையாது. மாதம் 4,000 ரூபாய். வாரத்தில் முகூர்த்தம் இல்லாத இரண்டு நாள்கள். கல்யாணமே நடக்காத ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் நான்கு நாள்கள். என்னைப் போலவே மண்டபங்களில் நிற்கும் தம்பிகள் சிலர், அது காசுக்குத் தகுந்த கல்வியா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போதுதான் கடன் வாங்கி ஒரு பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமரா வாங்கியிருந்தேன். முதல் நாள் அதை மேசைமேல் வைத்ததும் சார் புரட்டிப் பார்த்துவிட்டுப் பையிலேயே வைக்கச் சொன்னார். அடுத்த ஐந்து வாரங்கள் என் கையில் இருந்தவை அவருடைய பழைய லைட் மீட்டரும் ஒரு கோடு போட்ட நோட்டும்தான். ஏமாந்துவிட்டோமோ என்று அந்த வாரங்களில் நான் நினைத்ததை மறைப்பதற்கில்லை. ஆனால் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையும் அரக்குப் புடவை உடுத்திய பெண்ணும் அருகருகே அமர்ந்திருக்கும்போது என் படத்தில் இருவர் முகமும் ஏன் ஒவ்வொரு முறையும் இருண்டுபோயின என்பதற்கு எட்டு ஆண்டுகளாகக் கிடைக்காத விடை அந்த மீட்டரில்தான் கிடைத்தது. கேமரா அளப்பது பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை. ஆகவே வெள்ளை வேட்டியைக் கண்டதும் அது தானாகவே அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, குறைத்துவிடுகிறது. மீட்டரின் வெள்ளைக் குமிழை முகத்தருகே பிடித்து அளந்தால் கிடைப்பது முகத்தின்மேல் விழும் வெளிச்சம். வேட்டியின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நான் தவறாக அளக்கும்போதெல்லாம் "தம்பி, மீட்டரை எங்க திருப்பிப் பிடிச்சிருக்க?" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

வேலூர்க் கோட்டைக்கும் கேமரா இல்லாமலேதான் போனோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் முக்காலி நிறுத்தித் தொழில்முறையில் படமெடுக்க அனுமதி வேண்டும். மீட்டருக்கும் நோட்டுக்கும் யாரும் தடை சொல்வதில்லை. வெயிலூர் என்று நாமே கேலி செய்துகொள்ளும் ஊரில், சித்திரை நடுப்பகலில் அகழிக்கரையில் நின்றபடி அவர் கணக்குக் கேட்டார். தெளிந்த வெயிலில் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/400 நொடி என்றால் அபெர்ச்சர் எஃப் 16. நாமோ நொடிக்கு 25 பிரேம் எடுக்கிறோம், ஷட்டரை 1/50இல்தான் வைக்கிறோம், பின்புலம் மங்குவதற்காக எஃப் 4 கேட்கிறோம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இருமடங்கு; ஷட்டரால் மூன்று ஸ்டாப்பும் அபெர்ச்சரால் நான்கு ஸ்டாப்பும் கூடுவதால், ஏழு ஸ்டாப் வெளிச்சத்தை 2.1 என்.டி. ஃபில்டர் போட்டுத்தான் தடுக்க வேண்டும். அதுவரை நான் ஷட்டரை 1/2000க்கு ஏற்றிச் சமாளித்துவந்தேன். ஊர்வலத்தில் ஆடுபவர்களின் கைகால்கள் வெட்டி வெட்டி நகர்வது அதனால்தான் என்பது அன்றுவரை எனக்கு உறைத்ததில்லை.

கேமரா கைக்கு வந்த பிறகும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. 35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் நான்கரை நிமிடம்கூட ஓடாது. எந்தப் பயிற்சியானாலும் நான் பதிவு செய்யும் மொத்த நேரம் அதைத் தாண்டக் கூடாது என்றார். ஒரு கல்யாணத்துக்கு ஆறு மணி நேரக் காட்சியைக் கொட்டிவிட்டு எடிட்டரின் தலையில் கட்டும் எனக்கு அது தண்டனையாகவே இருந்தது. இன்று என் எடிட்டர் சாருக்கு நன்றி சொல்கிறார்.

முகத்தின் நிறத்தைப் பற்றி அவர் கற்பித்ததில்தான் எனக்குப் பணம் நட்டமாயிற்று. முகத்தை வெளுக்கவைப்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. சாம்பல் அட்டையை அளவாகக் கொண்டால் மாநிறத் தோல் ஏறக்குறைய அந்த அளவிலேயே அமரும், அதைவிடக் கறுத்த தோல் அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கீழே அமரும், அதை மேலே இழுத்தால் முகத்தின் வடிவமே அழிந்துவிடும் என்று சார் காட்டினார். அப்படியே எடுத்தேன். முதல் ஆண்டிலேயே இரண்டு வீட்டார் "பொண்ணு கருப்பாத் தெரியுது" என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு வீட்டாருக்குப் பாதித் தொகையை விட்டுக்கொடுத்தேன். தவறு அளவில் இல்லை, விளக்கில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதில் பளபளக்கும் பிரதிபலிப்பு. கேமராவின் தலையில் மாட்டிய சிறிய விளக்கு நேராக அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் விழும். அதே விளக்கைப் பக்கவாட்டிலுள்ள வெள்ளைச் சுவரிலோ தெர்மாகோல் அட்டையிலோ திருப்பிவிட்டால் கன்னம் முழுவதும் மெதுவாக மின்னுகிறது. அதன்பின் நிறத்தைப் பற்றிய புகார் வரவில்லை.

இந்த மூன்று ஆண்டுகளில் நான் அதிகம் கற்றது ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தில்தான். வெளிச்சம் முழுவதும் ஜெனரேட்டரை நம்பி இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 1/50 ஷட்டரில் டியூப் லைட் துடிக்காது என்ற பாடத்தை நம்பி அப்படியே வைத்தேன்; திரையில் பட்டை பட்டையாக நிழல் ஏறியது. சார் கேமராவைத் திரும்பிக்கூடப் பாராமல் ஜெனரேட்டரின் மீட்டரைப் பார்த்துவரச் சொன்னார். முள் 48இல் நின்றது. பாரம் ஏற ஏற இஞ்சினின் வேகம் தளர்கிறது, அதோடு ஹெர்ட்ஸும் இறங்குகிறது. ஷட்டர் கோணத்தை 180இலிருந்து 187.5 பாகைக்கு மாற்றியதும், அதாவது ஷட்டர் 1/48 ஆனதும், பட்டைகள் நின்றன.

அந்த இரவின் இன்னொரு சிக்கலுக்கு அவரிடமும் விடை இருக்கவில்லை. துரியோதனன் வேடக்காரரின் சிவப்பு அரிதாரம், கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன, நேரில் அவ்வளவு கம்பீரமாக இருந்தது. படத்திலோ கண்ணும் மூக்கும் கரைந்த ஒரு சிவப்புத் தகடு. வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்பார்ம் வரைபடத்தில் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது: ரெக் 709 என்ற வீடியோ தரத்தில் வெளிச்ச அளவைக் கணக்கிடும்போது சிவப்பின் பங்கு சுமார் 21 விழுக்காடு மட்டுமே, சிவப்பு முழுதாக நிரம்பி வழிந்தாலும் மொத்த அளவு அமைதியாகவே இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் பரேடைப் பார்த்திருக்க வேண்டும். அன்று இருவருமே மாணவர்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டி.ஐ. எனப்படும் கணினி வழி நிறத் திருத்தம், பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறலாகப் பதியும் லாக் பதிவு, எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பு ஆகியவற்றில் சாரின் அறிவு பிலிம் காலத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கலர் வேலையை நான் இரவுகளில் தனியாகத்தான் கற்றேன். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் படத்தில் குருணை குருணையாகப் புள்ளிகள் கூடும் என்பது அவருக்கு அசைக்க முடியாத விதி. என் கேமராவில் 400, 3200 என இரண்டு இயல்பு நிலைகள் இருப்பதையும், 1,250இல் இரண்டாவது மின்சுற்று தொடங்குவதால் 1,000இல் எடுத்ததைவிட அது சுத்தமாக இருப்பதையும் ஒரே சுவரை இரண்டு முறை எடுத்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். கோபக்காரர், ஒருமுறை பத்து நிமிடம் தாமதித்ததற்கு வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வேகமாகக் கேமரா இயக்கக் கற்று அடுத்த முகூர்த்தத்துக்கே காசு பார்க்க நினைப்பவருக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது. நானே முதல் ஒன்றரை ஆண்டுகள் கொடுத்த சம்பளத்தைத் திரும்பச் சம்பாதிக்கவில்லை.

2025 ஆடியோடு மாதச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் போகிறேன். கூத்துக் கலைஞரிடம் கொஞ்சம் சிவப்பு அரிதாரம் கேட்டு வாங்கி ஒரு பலகையில் பூசி வைத்திருக்கிறோம். பழைய ஹாலஜன் விளக்கில் அது சிவப்பாகவே நிற்கிறது. நான் மலிவாக வாங்கிய எல்.இ.டி.யில் ரோஜா நிறத்துக்குச் சாய்கிறது. போன செவ்வாய் வேறு இரண்டு விளக்குகளை வாடகைக்கு எடுத்துவரச் சொன்னார். ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது; இன்னொன்று ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தது.