அந்திப் பருந்துக்கு எது தோது: 150-600 ஜூமா, பழைய 300 எஃப் 2.8-ஆ?

போன சீசனில் என் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை விற்றுவிட்டு, செகண்ட் ஹேண்டில் நிக்கான் 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வாங்கினேன். மி.மீ. கூடினால் எட்டும் தூரம் கூடும்; எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும். "600-ஐக் கொடுத்துட்டு 300 வாங்குறியா?" என்று நண்பன் சிரித்தான். பகலில் பறவை எடுப்பவருக்கு அவன் சொல்வது சரிதான். ஜூமில் எட்டும் தூரம் அதிகம், எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைவு. அவ்வளவுதான், அதில் பேச வேறொன்றும் இல்லை.

நான் நிற்பது சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ரேடியல் ரோடு ஓரம். குளிர்காலத்தில் வரும் சேற்றுப் பூனைப்பருந்துகள் பகலில் எங்கோ புள்ளியாகத் திரியும். அடைய வரும்போதுதான் சம்புப் புல்லுக்கு மேலே, இறக்கையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி தாழப் பறக்கும். ஜனவரியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் விழுந்துவிடும். அப்புறம் மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். பறவை வருவதும் அந்த இருபதில்தான்.

ஜூமை 600-க்கு இழுத்தால் அபர்ச்சர், அதாவது எஃப் எண், 6.3. ஷட்டர் 1/1000 வினாடி வைத்து அங்கே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு; கூட்டினால் படத்தில் நாய்ஸ் என்னும் புள்ளிகள் கூடும்) 12800 கேட்கும் வெளிச்சத்தில், 2.8-க்கு 2500 போதும். ஆனால் என்னை மாற வைத்தது நாய்ஸ் இல்லை. அதைச் சாஃப்ட்வேரில் ஓரளவு துடைத்துவிடலாம். ஃபோகஸ்தான். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் சென்சாருக்குப் போகும் வெளிச்சமும் லென்ஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். பின்னால் பழுப்புக் கோரை, முன்னால் பழுப்புப் பெண் பருந்து, வெண்ணெய் நிறத் தலை மட்டும் தனியாகத் தெரிகிறது. ஜூம் முன்னும் பின்னும் துழாவிக்கொண்டே இருக்கும். அது பிடிப்பதற்குள் பருந்து சம்புக்குள் இறங்கிவிடும். ஒரு மாலை முழுக்க எனக்குக் கிடைத்தது அழகான, துல்லியமான கோரை. 300 அதே இடத்தில் தலையைப் பிடிக்கிறது.

தூரம் போதாதுதான். ஆறு மணி வரை, எட்டும் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வர்ட்டர் என்ற துணை லென்ஸைப் போட்டு 420 எஃப் 4 ஆக வைத்திருந்து, பிறகு கழற்றிவிடுகிறேன். மிச்சத்துக்குப் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் க்ராப்.

இதெல்லாம் நிக்கான் டி500 என்ற டிஎஸ்எல்ஆரில் கிடைத்த அனுபவம். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஜூமைப் போட்டு இரண்டு மாலைதான் எடுத்திருக்கிறேன், இவ்வளவு தடுமாறவில்லை. அது இருப்பவர்கள் அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

பழையது வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை பாருங்கள். ஃபோகஸ் ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் மோட்டார் போகப்போகிறது என்று அர்த்தம், விலகிவிடுங்கள். மோனோபாடுக்கும் (ஒற்றைக்கால் தாங்கி) சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். கையில் பிடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன், இரண்டாம் நாளே தோள்பட்டை விட்டுப்போனது.